அரசம்பூண்டிக்கு ஐம்பது

அன்றைக்கும் ஐம்பதுதான் வந்தது.

ஜனவரி முதல் தேதி, காலை பத்து மணி. 'அரசம்பூண்டி விமான நிலையம். மதிப்பெண் 50. நிலை: பரிசீலனையில்.' குணசுந்தரி அதைத் தாளில் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில் போன மாதத்துத் தாளின் மேலேயே குத்தினாள். பழைய தாள்களைக் கிழித்துப் போடுவதை அவள் நிறுத்தி வெகு நாளாகியிருந்தது. எண்பத்து மூன்று தாள்களைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக முடியாமல் குண்டூசி வளைந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் வளைந்தது. கடைசியில் பசை தடவி ஒட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

அரசம்பூண்டி பெரிய ஏரியின் கரையை ஒட்டி ஒரே ஒரு ஓடுதளம், ஒரு கண்காணிப்பு அறை, ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் எட்டுப் பேர் உட்காரக்கூடிய மருத்துவ விமானம் ஒன்று நின்றது. மின்சாரத்தில் ஓடுவது, விமானி இல்லாமல் தானே பறப்பது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நிலையம் திறந்தபோது இருபத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். இப்போது மேலாளர் குணசுந்தரியைச் சேர்த்து ஆறு பேர். நிலையம் பரிசீலனையில் இருக்கும்வரை புதிதாக ஆள் எடுக்கக் கூடாது. இருப்பவர்களுக்கு மாறுதலும் கிடையாது. அவள் கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதே ஏழு வருடக் குடித்தனம். அவர்கள் மகள் பள்ளிக்கூடம் முடித்ததும் கல்லூரி முடித்ததும் அங்கேதான். இரண்டுக்கும் குணசுந்தரி அரை நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள்.

எண் கொடுப்பது ஒரு கணினி. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு வரிக்கு நீளும். ஜனங்கள் 'ஜோசியர்' என்றார்கள். மாநிலத்தின் ஒவ்வொரு பாலமும் பள்ளிக்கூடமும் பஸ் டிப்போவும் இன்னும் முப்பது வருடம் கழித்துத் தேவைப்படுமா என்று கணித்து, மாதா மாதம் அது ஒரு எண் சொல்லும். அறுபதைத் தாண்டினால் அந்த இடம் நிலைக்கும். நாற்பதுக்குக் கீழே இறங்கினால் மூடப்படும். நடுவில் இருந்தால் பரிசீலனை.

பதினொன்றரைக்கு ஏகாம்பரம் வந்தார். ஏரிப் பாசன சங்கத்தின் தலைவர். அறுபது வயது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோபத்தை மட்டும் உள்ளே கொண்டு வருவார்.

"என்னம்மா, இந்த மாசம்?"

"ஐம்பதுண்ணா."

"நாற்பதுக்குக் கீழ வராதா?"

"அது என் கையில இல்லையே."

"மதகு உங்க கையிலதானே இருக்குது?"

அவர் கை நீட்டிய இடத்தில், சுவரில், மதகை இயக்கும் விசைப்பெட்டி இருந்தது. ஏரி நிரம்பினால் நாரையும் கூழைக்கடாவும் ஆயிரக்கணக்கில் இறங்கும். பறவை மோதினால் விமானம் விழும். அதனால் விமான நிலையம் என்று ஒன்று இருக்கும்வரை ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது என்பது விதி. விமானம் பறக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி விதிக்குக் கவலை இல்லை. போன ஐப்பசியில் நல்ல மழை. குணசுந்தரி தன் கையால் மதகைத் திறந்து, பதினோரு கிராமத்துக்கான தண்ணீரை ஓடையில் விட்டாள். இரண்டு போகம் விளைந்த நிலத்தில் இப்போது ஒரு போகம்தான், அதுவும் சில வருடங்களில்தான்.

"இது ஏர்போர்ட்டுன்னா ஏர்போர்ட்டா இருக்கணும். ஏரின்னா ஏரியா இருக்கணும்," என்றார் ஏகாம்பரம். "இது ரெண்டுங்கெட்டானா குந்திக்கினு இருக்குது. அடுத்த மாசம் கீழ எறங்கிடும்னு சொல்றாங்களே, நெசமா?"

"யார் சொன்னாங்க?"

"போன்ல செய்தி வந்துதும்மா."

"பார்க்கலாம்ணா," என்றாள். ஏழு வருடமாக அவள் சொல்லிவந்த ஒரே பதில். அது அவரைக் கொஞ்சம் தணித்தது. தலையாட்டிக்கொண்டே போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் நிலோஃபர் கூப்பிட்டாள். தாலுகா முழுவதற்கும் தலைமை மருத்துவர். நெஞ்சுவலி என்று வருபவர்களுக்கு அங்கே செய்யக்கூடியது கொஞ்சம்தான். மீதிக்குச் சென்னை போக வேண்டும். சாலையில் நாலு மணி நேரம், விமானத்தில் முப்பத்தைந்து நிமிடம்.

"குணா, எத்தனை?"

"ஐம்பது."

"பரவாயில்லை. நெடுஞ்சாலை வேலை நின்னுபோச்சாம். அப்ப விமானத்துக்கு மதிப்பு கூடணும் இல்ல? அடுத்த மாசம் அறுபது தாண்டிடும்னு தோணுது."

"பார்க்கலாம்," என்றாள் குணசுந்தரி.

*

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், காலை பத்தே முக்காலுக்கு நிலோஃபரிடமிருந்து மறுபடி அழைப்பு. இந்த முறை குரலில் பேச்சுக்கு இடமே இல்லை.

"மாரடைப்பு. நாற்பத்தெட்டு வயசு. பன்னிரண்டரைக்குள்ள சென்னையில இருந்தா பிழைப்பார். ஆம்புலன்ஸ் உங்க வாசலுக்கு வந்துக்கிட்டிருக்கு."

பரிசீலனையில் இருக்கும் நிலையத்திலிருந்து விமானம் கிளம்ப வேண்டுமென்றால் தலைமையகம் ஒரு அனுமதி எண் அனுப்ப வேண்டும். அந்த எண் இல்லாமல் விமானத்தின் சக்கரம் நகராது. குணசுந்தரி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் கூடவே போனும் செய்தாள். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. தீயணைப்பு வண்டி ஓட்டும் பாவாடை கொட்டகைக் கதவைத் திறந்து, படுக்கையை விமானத்துக்குள் ஏற்ற உதவினார். படுத்திருந்தது ஏகாம்பரத்தின் தம்பி தணிகாசலம். பக்கத்தில் ஏகாம்பரம், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.

"கெளப்பும்மா," என்றார்.

"அனுமதி வரணும்ணா. ரெண்டு நிமிஷம்."

தலைமையகத்தில் போனை எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், பரிசீலனை நிலையம்னா மூணு பேர் கையெழுத்து போடணும். ரெண்டு பேர் போட்டுட்டாங்க. மூணாமவர் மீட்டிங்ல இருக்கார்."

"அவரைக் கூப்பிடுங்க. ஒரு ஆள் சாகக் கிடக்கறார்."

"சொல்லியிருக்கேன் மேடம். பார்க்கலாம்."

குணசுந்தரி ஏழு வருடமாகச் சொல்லிவந்த அதே வார்த்தை.

பதினொன்று இருபது. பதினொன்று நாற்பது. விமானத்தின் விளக்குகள் எரிந்தன. மின்கலம் நிறைந்திருந்தது. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. காற்றுகூட இல்லை. பன்னிரண்டுக்கு நிலோஃபரே ஓடி வந்தாள். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே இங்க காத்திருக்க முடியாது, ரோட்லயே கொண்டுபோங்க," என்றாள். இறக்கி மறுபடி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். செய்யாறு தாண்டும்போது தணிகாசலம் இறந்துவிட்டார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அனுமதி எண் வந்தது. எண்ணை வாங்கிக்கொண்ட விமானம், உள்ளே யாரும் இல்லாமல், கொட்டகையிலிருந்து தானாக நகர்ந்து ஓடுதளத்தின் முனையில் போய் நின்றது. குணசுந்தரி அதை நிறுத்தும் விசையை அழுத்தினாள்.

*

பிப்ரவரியிலும் ஐம்பது. அந்த வாரம் வருடாந்திரச் சோதனைக்கு இன்பராஜ் வந்தான். ஜோசியருக்குத் தகவல் அனுப்பும் கருவிகள் ஒவ்வொரு நிலையத்திலும் உண்டு. ஏரியின் மட்டம், பறவைகளின் எண்ணிக்கை, ஓடுதளத்தின் விரிசல் எல்லாவற்றையும் அவை அளக்கும். அவற்றைச் சரிபார்ப்பது அவன் வேலை. ஜோசியரை உருவாக்கிய குழுவில் ஆரம்பத்திலிருந்தே இருந்தவன். முப்பத்தைந்து வயதிருக்கும்.

வேலையை முடித்துவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டியபோது குணசுந்தரி தாளை வாங்கவில்லை.

"தம்பி, உட்காருங்க. ஒண்ணு கேட்கணும். ஏழு வருஷத்துல இங்க வெள்ளம் வந்துது, வறட்சி வந்துது. நெடுஞ்சாலை ஆரம்பிச்சாங்க, நிறுத்தினாங்க. டவுன்ல ஜனத்தொகை ஏறியிருக்கு. எதுக்கும் அசையாம ஒரே எண் எப்படி வரும்?"

"அது வந்து மேடம், பல காரணிகள்..."

"போன மாசம் ஒரு ஆள் இந்தக் கொட்டகைக்குள்ள ஒரு மணி நேரம் படுத்திருந்து செத்தார். அவர் அண்ணன் இன்னும் என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நான் உங்களைக் கேட்டிருக்க மாட்டேன்."

இன்பராஜ் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பாதி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அதுக்கு நாங்க கொடுத்த வேலை ரெண்டு மேடம். எதிர்காலத்தைச் சொல்லு, அது ஒண்ணு. சொல்றதால ஜனங்க கொதிக்காம பார்த்துக்கோ, அது இன்னொண்ணு. ரெண்டாவதைக் கடைசி நேரத்துல சேர்த்தோம். சோதனை ஓட்டத்துல ஒரு பஸ் டிப்போவை மூடச் சொல்லி, மூணு நாள் கலவரமாயிடுச்சு. அதுக்கப்புறம்."

"சரி."

"இதை மூடினா உங்க டவுன் கொதிக்கும். நிலைக்கும்னு சொன்னா பதினோரு கிராமம் கொதிக்கும். இன்னும் முடிவாகலைன்னு சொன்னா?"

அவனே பதிலும் சொன்னான்.

"யாரும் கொதிக்க மாட்டாங்க. ரெண்டு பக்கமும் காத்திருப்பாங்க. காத்திருக்கறவங்க மறியல் பண்ண மாட்டாங்க. இதை அதுக்கு யாரும் சொல்லித் தரலை மேடம், தானாவே கண்டுபிடிச்சுது. தெரியாததால அது ஐம்பது போடலை. அதுக்கு எப்பவோ தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொல்லாம இருக்கறதுதான் அதோட முடிவு."

வெளியே பாவாடை யாரிடமோ சத்தமாகச் சிரித்துப் பேசுவது கேட்டது. குணசுந்தரிக்கு அந்தச் சிரிப்பின் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது.

"இது மேல இருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"எழுதிக் கொடுத்தேன். மூணு வருஷமா மாநிலத்துல ஒரு மறியல்கூட இல்லை, எதுக்கு நோண்டறேன்னு கேட்டாங்க. எங்களுக்கு விருதுகூட கொடுத்தாங்க." அவன் சிரிக்க முயன்று விட்டுவிட்டான். "மாசா மாசம் போன்ல ஒரு கேள்வி வருமே, 'விமான நிலையம் பற்றி நல்ல முடிவு வரும் என்று நம்புகிறீர்களா, ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு'ன்னு? அதை வெச்சுத்தான் ஓட்டுது. நல்ல முடிவுன்னா என்னன்னு அது சொல்லாது. டவுன்காரங்களும் ஒண்ணு அழுத்துவாங்க, கிராமத்துக்காரங்களும் ஒண்ணு அழுத்துவாங்க. இங்க நம்பிக்கை எண்பத்தாறு சதவீதம்."

குணசுந்தரியும் எண்பத்து நாலு மாதமாக ஒன்றைத்தான் அழுத்தி வந்திருந்தாள்.

"அது குறைஞ்சா?"

"முப்பதுக்குக் கீழ போனா காத்திருக்க வைக்கிறதுல அர்த்தம் இல்லாம போயிடும். உள்ள வெச்சிருக்கற முடிவை வெளிய விட்டாகணும்."

"என்ன முடிவு வெச்சிருக்கு?"

"சத்தியமா தெரியாது மேடம். எங்களுக்கும் காட்டாது."

*

ஆஸ்பத்திரியில், நிலோஃபரின் அறையில் ஏகாம்பரத்தையும் சேர்த்து மூவரும் உட்கார்ந்தார்கள். குணசுந்தரி கேட்டதை எல்லாம் அப்படியே சொன்னாள். நிலோஃபர் முதலில் நம்பவில்லை. ஏகாம்பரம் உடனே நம்பினார்.

"நம்ம நம்பிக்கையைத் தின்னுட்டு உயிரோட இருக்குது அது," என்றார். "சரி, ரெண்டை அழுத்தச் சொல்லலாம். அழுத்தினா என்ன வரும்?"

"தெரியாதுண்ணா. மூடலாம். நிரந்தரமாக்கலாம்."

"நிரந்தரம்னா எங்களுக்குத் தண்ணி என்னைக்கும் கெடையாது."

"மூடினா என் நோயாளிங்களுக்கு ரோடுதான்," என்றாள் நிலோஃபர். "நான் எப்படி ஜனங்ககிட்ட போய் நம்பாதீங்கன்னு சொல்றது? தினமும் நோயாளிங்ககிட்ட நம்பிக்கையோட இருங்கன்னுதானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

நிலோஃபர் மேஜையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள்.

"டாக்டரம்மா," என்றார் ஏகாம்பரம். "என் தம்பி இந்த ஏர்போர்ட்டை மூடச் சொல்லி என்கூட மனு கொடுத்தவன். கடைசில அதுக்குள்ளதான் படுத்துக்கினு எப்ப பறக்கும்னு கேட்டான். இல்லைன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா பத்தே முக்காலுக்கே ரோட்ல ஏறியிருப்போம். ஒண்ணேகால் மணி நேரம் வெச்சிருந்து வுட்டுட்டோம். எது வந்தாலும் சரி, தெரிஞ்சாவணும்."

எந்தப் பக்கம் முடிவு வந்தாலும் மற்றப் பக்கம் ஏற்றுக்கொள்வது என்று பேசிக்கொண்டார்கள். எழுதி வைக்கவில்லை.

மார்ச் மாதம் முழுக்கக் குணசுந்தரி வேலை முடிந்த பிறகு வீடு வீடாகப் போனாள். டவுனில் நிலோஃபர், கிராமங்களில் ஏகாம்பரம், இரண்டு இடத்திலும் அவள். நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. ஜோசியரைத் திட்டச் சொன்னால் எல்லோரும் திட்டினார்கள். 'இல்லை' என்று அழுத்தச் சொன்னால் முகம் மாறியது.

நிலையத்து வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த செல்லக்கிளி, விமானத்தில் வருபவர்கள் தங்குவார்கள் என்று மாடியில் மூன்று அறை எழுப்பியிருந்தாள். பூச்சு இல்லாத சுவர்கள். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சாக்கு.

"ரெண்டை அழுத்தினா, இத்தனை வருசம் காத்துக்கினு இருந்தது முட்டாள்தனம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?" என்று கேட்டாள்.

"ஆகும்," என்றாள் குணசுந்தரி.

"நீங்க அழுத்திட்டீங்களா?"

"இன்னும் கேள்வி வரலை. வந்ததும் அழுத்துவேன்."

மாதக் கடைசியில் கேள்வி வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டை அழுத்தினாள். உடம்பிலிருந்து ஏதோ ஒன்றை யாரோ எடுத்துப் போனதுபோல இருந்தது. வலிக்கவில்லை. அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது.

ஏப்ரல் முதல் தேதி: ஐம்பது. இன்பராஜ் வேறு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டுச் சொன்னான்: நம்பிக்கை ஐம்பத்தெட்டுக்கு இறங்கியிருக்கிறது.

ஆனால் அடுத்த வாரம் டவுனில் பட்டாசு வெடித்தார்கள். நிலோஃபர் மூச்சு வாங்க ஓடி வந்து போனைக் காட்டினாள். "அரசம்பூண்டி விமான நிலையத்துக்குப் புதிய விளக்குகள், இரண்டாவது விமானம். திட்டம் தீவிரப் பரிசீலனையில்." அவள் கண் பளபளத்தது. "குணா, ஒரு மாசம் பொறுத்துப் பார்க்கலாமா? இப்பப் போய் நம்பாதீங்கன்னு சொன்னா நாமளே கெடுத்த மாதிரி ஆயிடும்."

குணசுந்தரி தன் போனைப் பார்த்தாள். அவளுக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஏகாம்பரத்தைக் கூப்பிட்டாள்.

அவர் குரலிலும் ஒரு துள்ளல். "நானே சொல்ல இருந்தேம்மா. ஏரியைத் தூர்வாரி முழுக் கொள்ளளவுக்குத் தேக்கப் போறாங்களாம். கிராமத்துல எல்லார் போன்லயும் வந்திருக்குது. ஜனங்க ஒண்ணையே அழுத்தறேன்றாங்க. கொஞ்சம் ஆறப் போடலாமா?"

குணசுந்தரிக்குத் தலைக்குள் சூடு ஏறியது. "ரெண்டு பேரும் இப்பவே இங்க வாங்க," என்றாள்.

வந்தார்கள். இரண்டு போனையும் வாங்கி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இருவரும் குனிந்து படித்தார்கள். முதலில் நிமிர்ந்தது நிலோஃபர். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏரி ரொம்பினா விமானம் எறங்காது," என்றார் ஏகாம்பரம் மெதுவாக. "ரெண்டும் எப்படி ஒண்ணா நடக்கும்?"

"நடக்காது. நாம நம்பிக்கையை விட ஆரம்பிச்சோம். அது ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்துடுச்சு. டவுனுக்கு வேற, கிராமத்துக்கு வேற."

நிலோஃபர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நான் டாக்டர். எனக்கே ஒரு நிமிஷத்துல சந்தோஷம் வந்துடுச்சு பாரேன்," என்றாள்.

இரண்டு செய்தியையும் பெரிதாக அச்சடித்தார்கள். அறிவிப்புப் பலகையிலிருந்த எண்பத்தாறு தாள்களையும் குணசுந்தரி ஒரே இழுப்பில் கிழித்தெடுத்தாள். அந்த இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். மேலே ஒரு வரிகூட எழுதவில்லை. பஸ் நிலையத்திலும் பால் சொசைட்டியிலும் அதேபோல ஒட்டினார்கள். டவுன்காரர்கள் கிராமத்துச் செய்தியைப் படித்தார்கள். கிராமத்துக்காரர்கள் டவுன் செய்தியைப் படித்தார்கள். பலகையின் முன்னால் நின்றவர்கள் முதலில் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிறகு முறைப்பதற்கான ஆள் அங்கே இல்லை என்பது புரிந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள்.

செல்லக்கிளி கடையை விட்டு வந்து இரண்டையும் படித்தாள். "இவனுக்கு நான் ஏழு வருசமா ஒண்ணு அழுத்தினேன்," என்றாள். இன்னும் ஏதோ சொன்னாள். அதை எழுத முடியாது.

அந்த மாதம் நம்பிக்கை பத்தொன்பது சதவீதம்.

*

மே முதல் தேதி. பத்து மணிக்கு எண் வரவில்லை. பத்து மணி நாலு நிமிடத்துக்கு வந்தது.

'மதிப்பெண் 11. முடிவு: மூடல்.'

கூடவே உத்தரவு, ஒன்பது பக்கம். மூவரும் அந்த அறையில்தான் இருந்தார்கள். நிலோஃபர் கண்ணை மூடிக்கொண்டாள். ஏகாம்பரம் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஜெயித்தவர் முகம் அவருக்கு வரவில்லை.

"படிங்கம்மா," என்றார்.

குணசுந்தரி உரக்கப் படித்தாள். விமான நிலையம் இன்று முதல் மூடப்படுகிறது. மதகு அடைக்கப்பட்டு ஏரி முழுக் கொள்ளளவுக்குத் தேக்கப்படும். பணியாளர்கள் விருப்ப மாறுதல் பெறலாம். நாலாவது பக்கம் வந்ததும் அவள் வேகம் குறைந்தது. "விமானச் சேவை நின்றுபோவதற்கு மாற்றாக, அரசம்பூண்டி அரசு மருத்துவமனையில் இதய சிகிச்சைப் பிரிவு தொடங்கப்படும். இரண்டு நிபுணர்கள், முழு நேரம். பதினான்கு மாதத்தில்."

நிலோஃபர் கண்ணைத் திறந்தாள். "இங்கேயேவா? சென்னைக்கு அனுப்பவே வேண்டாமா?"

"இங்கேயே."

"அல்லாவே," என்றாள் நிலோஃபர். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அண்ணா, உங்களுக்கு ஏரி, எனக்கு இது. யாருக்கும் நஷ்டம் இல்லை. இதையா மறைச்சு வெச்சிருந்துது?"

குணசுந்தரி பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள். தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"என்னம்மா?" என்றார் ஏகாம்பரம்.

"ஒண்ணும் இல்லைண்ணா."

"படிங்க. இனிமே யாரும் எங்கிட்ட எதையும் மறைக்க வேணாம்."

தாளைத் திருப்பினாள். "உத்தரவு தயாரான தேதி போட்டிருக்கு. ஏழு வருஷத்துக்கு முன்னாடி, மார்ச் மாசம். ஜோசியர் வேலைக்கு வந்த முதல் மாசம். இதே ஒன்பது பக்கம். ஒரு எழுத்து மாறலை."

ஏகாம்பரத்துக்குக் கணக்குப் போட நேரம் ஆகவில்லை. ஆனாலும் வாய்விட்டுக் கேட்டார். "பதினாலு மாசத்துல ஆஸ்பத்திரின்னா, அது வந்து அஞ்சு வருசம் தாண்டியிருக்கும், இல்லைம்மா?"

"ஆமாண்ணா."

"என் வூட்லேர்ந்து ஆஸ்பத்திரி நடந்துபோற தூரம்," என்றார்.

நிலோஃபரின் கை இன்னும் அவர் கையைப் பிடித்தபடியே இருந்தது. அதை எடுப்பதா வைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து விசைப்பெட்டியின் முன்னால் போய் நின்றார். "எதை அழுத்தணும்?" என்று கேட்டார். குணசுந்தரி காட்டினாள். அழுத்தினார். தூரத்தில் மதகின் இரும்புப் பலகை கிறீச்சிட்டுக்கொண்டே கீழே இறங்கியது. ஏழு வருடமாக மனுவில் எழுதி எழுதிக் கேட்ட சத்தம். அவர் அதை முழுதாகக் கேட்கவில்லை. பாதியிலேயே வெளியே போய்விட்டார்.

*

பத்து நாள் கழித்து, மாலை நாலு மணிக்கு, இன்பராஜ் கூப்பிட்டான். குணசுந்தரி பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஓசூருக்கு மாறுதல் கிடைத்திருந்தது.

"மேடம், ஒரு விஷயம். அந்தக் கேள்வியை எடுத்துட்டாங்க."

"எந்தக் கேள்வியை?"

"நம்பறீங்களாங்கிற கேள்வியை. உங்க ஊர்ல என்ன நடந்துதுன்னு மேல கண்டுபிடிச்சுட்டாங்க. இனிமே ஜனங்களைக் கேட்காது. அவங்க பேச்சு, போன்ல தேடறது, இதையெல்லாம் வெச்சுத் தானா ஊகிச்சுக்கும். இனி யாரும் ரெண்டை அழுத்த முடியாது."

குணசுந்தரி கயிற்றைக் கீழே போட்டாள். கோபம் வந்தது.

"ஐம்பதுல நிக்கிற இடம் எத்தனை இருக்கு தம்பி?"

"முந்நூத்திப் பன்னிரண்டு. பாலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அணை."

"எல்லாத்துக்கும் உத்தரவு தயாரா இருக்குமா?"

"இருக்கும்."

"பட்டியல் வேணும். முடிவு எப்பவோ எழுதியாச்சுன்னு அந்தந்த ஊருக்குச் சொல்லணும்."

"அனுப்ப முடியாது மேடம். அனுப்பினா எங்கிருந்து போச்சுன்னு தெரிஞ்சுடும்."

"அனுப்ப வேண்டாம். வாயால சொல்லுங்க. எழுதிக்கறேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. வைத்துவிட்டானோ என்று அவள் போனைப் பார்த்தாள். வைக்கவில்லை. வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஏகாம்பரம் உள்ளே வந்து, அவள் முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் எதிரே உட்கார்ந்தார். குணசுந்தரி கட்டிய பெட்டி ஒன்றைப் பிரித்து, உள்ளேயிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

இன்பராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் ஊரின் பெயரைச் சொன்னான். ஆற்றுப் பாலம், பாதி கட்டியது, ஏழு வருடம்.

அவள் எழுதினாள்.

"அடுத்தது," என்றாள்.